ஓல்புறூக் வீட்டு எச்சில்

வாய் காய்ந்து போய்க் கிடக்கிறது. நாக்கை அண்ணத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன், வெயிலில் கிடந்த செருப்பைச் சீமெந்தில் இழுத்த மாதிரி இருக்கிறதே தவிர ஒரு சொட்டு ஊறவில்லை. கையில் இந்தக் குழாய். கண்ணாடி என்று நினைத்தேன், பிளாஸ்ரிக்தான், என் சுண்டுவிரல் நீளம், தலையில் ஒரு குட்டிப் புனல், வயிற்றில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு மட்டும் நான் துப்பி நிரப்ப வேண்டும். நுரை கணக்கில்லையாம், எச்சில் எச்சிலாய் இருக்க வேண்டுமாம். துப்புவதற்கு முதல் அரை மணித்தியாலம் சாப்பாடு கூடாது, தேத்தண்ணி கூடாது, பச்சைத் தண்ணிகூட ஒரு மிடறு கூடாது என்று பெட்டியில் எழுதியிருந்ததைத் திலகவதி ரீச்சர் வாசித்துச் சொல்லிவிட்டு, "வெத்திலையும் கூடாது, நேசம். அதை எழுத அவங்களுக்குத் தெரியேல்லை, உம்மை அவங்கள் கண்டதில்லை" என்றா. ரீச்சர் பக்கத்து வீடு. இங்கிலிஷ் படிப்பித்து ஓய்ந்தவ, எனக்கும் ஜூடித் அக்காவுக்கும் நடுவில் அவதான் வாய். ஜூடித் அக்கா எனக்கு முன்னால் மற்றக் கதிரையில் இருக்கிறா. வெள்ளைத் தலை, சிவத்த மூக்கு, அமெரிக்காவில் வெர்மொண்ட் என்ற குளிர் ஊர். மேசையில் அவவின் ரெலிபோன் கிடக்கிறது, அதில் இலக்கங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, குறைந்து முடிந்ததும் அது அடிக்கும், அடித்ததும் நான் துப்ப வேண்டும். இந்த எச்சில் பிளேனில் அவவோடு போகும். அங்கே ஓரிடத்தில் ஊற்றிப் பார்த்து, அவவும் நானும் ஒரே இரத்தமோ இல்லையோ என்று ஒன்றரை மாதத்தில் சொல்லிவிடுவார்களாம். இல்லை என்றுதான் வரும். இந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ஜூடித் அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கிறா, நானும் சிரிக்கிறேன், சிரிக்கும்போது உதடு பல்லில் ஒட்டிக்கொள்கிறது. சொல்லுவமோ. இப்ப சொல்லுவமோ. ரெலிபோன் அடிக்கட்டும், அடித்ததும் சொல்லுவம். அடித்த பிறகு சொன்னால் என்ன, அடிக்க முதல் சொன்னால் என்ன, சொல்லப்போகிற வாய் ஒரே வாய்தானே, அது காய்ந்துபோய்க் கிடக்கிறது.

கோயில் வாசலில் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆராதனை முடிகிற நேரம் போதகர் ஐயா, அவரும் புதுசு, மட்டக்களப்புப் பக்கத்து ஆள், "ஓல்புறூக் குடும்பத்தைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஒரு சகோதரி வந்திருக்கிறா, அந்தக் குடும்பத்தார் ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டால் தூக்குவது மாதிரித்தான், யோசித்துத் தூக்கவில்லை. நேசமலர் ஓல்புறூக், சேர், வந்திருக்கிறேன். அவ்வளவு சனத்தையும் விலத்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினா. கை குளிர்ந்திருந்தது. "கசின், கசின்" என்றா. கண்ணால் தண்ணி ஓடுகிறது. என் முகத்தைக் கடைசியாய் ஆர் தொட்டது என்று அந்த நேரம் நான் யோசித்தேன், பல்லுப் பிடுங்கின டொக்டர். பின்னேரம் ரீச்சர் வந்துதான் அந்தச் சொல்லைப் பிரித்து வைத்தா. "கசின் எண்டால் மச்சாளுமாம், ஒண்டுவிட்ட சகோதரியுமாம், எல்லாத்துக்கும் ஒரே சொல். பாவங்கள், அதுகளின்ரை ஊரிலை சொல்லுக்குத் தட்டுப்பாடு." அப்படியென்றால் நான் இவவை என்னவென்று கூப்பிட? தகப்பன் வழி, இரண்டு பேரும் ஓல்புறூக், அப்ப சகோதரம், மச்சாள் வராது. என்னிலும் வயசு கூட. அப்ப அக்கா. "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தம் வெளியில் வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி இருந்த மாதிரி. எத்தனை வருசமாய் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ரீச்சர் அவவுக்குச் சொல்லிக் கொடுத்தா, அக்கா என்று கூப்பிட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும். அடுத்த நாளிலிருந்து நான் அக்கா என்றால் ஜூடித் அக்கா ஓம் என்பா. வேணுமென்றே கூப்பிடுவேன். அக்கா, ஓம். அக்கா, ஓம். ரீச்சர், "கிளிப்பிள்ளையள்" என்பா.

அது ஒரு பெரிய கடதாசி, மடித்து மடித்து வைத்திருக்கிறா, விரித்தால் இந்த அறையின் நிலத்தில் பாதி. அதில்தான் ஓல்புறூக் வீடு முழுவதும் இருக்கிறது. இப்பவும் விரித்துத்தான் கிடக்கிறது, காற்றாடிக் காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் என் அம்மிக் குழவி, ரீச்சரின் செருப்பு ஒன்று, ஒரு தேங்காய், என் வேதப்புத்தகம். பத்து வருசத்துக்கு ஒருக்கால் அங்கே ஆளெண்ணுவார்களாம். ஆனால் அந்தப் பழைய காலத்தில் வீட்டுக்காரன் பெயரை மட்டும் எழுதுவார்களாம், பெண்சாதி பிள்ளையெல்லாம் வெறும் இலக்கம். ஜோசையா ஓல்புறூக் என்று நிலம் உழுகிற ஒரு கமக்காரன். அவன் பெயருக்கு நேரே கட்டங்கள். ஐந்து வயசுக்குள் ஆண், ஒன்று. அந்த ஒன்றுதான் சைமன். ஜூடித் அக்கா விரல் வைத்துக் காட்டினா, அந்த ஒன்றைத் தடவினா, கன்னத்தைத் தடவுகிற மாதிரி. பத்து வருசம் கழித்து எண்ணியபோது அவன் வளர்ந்து நிற்கவேண்டிய வயசுக் கட்டம் வெறுமை. குடும்ப வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தாய் எலைசா தன் கையால் எல்லாப் பிள்ளைகளும் பிறந்தது எழுதியிருக்கிறாவாம், செத்தது எழுதியிருக்கிறாவாம். சைமனுக்குப் பிறந்தது மட்டும். செத்தது எழுதவேண்டிய இடம் சும்மா கிடக்கிறது. சேமக்காலையில் எல்லாருக்கும் கல், அவனுக்கு இல்லை. ஜூடித் அக்காவின் தாய் உயிரோடு இருந்த காலம் முழுக்க ஊர் ஊராய்க் கடிதம் போட்டுத் தேடினாவாம், பிறகு மகள் தேடினா, அக்காவும் அங்கே ரீச்சராம், ஓய்ந்த பிறகு வேறு வேலையில்லை, புருசனும் போய்விட்டான், பிள்ளையில்லை, ஒரு பூனை. ஒரு நாள் கொம்பியூட்டரில் பழைய மிசன் அறிக்கை ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருந்தவவாம். யாழ்ப்பாணத்து மிசன் போர்டிங் பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாய். நடுவில் சைமன் ஓல்புறூக். கத்தின கத்தில் பூனை கட்டிலுக்குக் கீழே போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தா, சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தா. அப்ப பிள்ளை சாகவில்லை! மிசனறிமாரோடு கப்பலில் ஏறி இஞ்சை வந்திட்டான்! இஞ்சை படிச்சு, இஞ்சை கலியாணம் கட்டி, இஞ்சை பிள்ளைகுட்டி பெற்று, கடைசியில் நான். அந்தக் கடதாசியில் சைமனுக்குக் கீழே கோடு ஒன்று வளைந்து வளைந்து வந்து, சங்கானை றோட்டால் திரும்பி ஒழுங்கைக்குள் வருகிற மாதிரி வந்து, என் பெயரில் நிற்கிறது. பென்சிலால். எச்சிலின் முடிவு வந்த பிறகு பேனையால் எழுதுவாவாம். ஒரு தாடிக்காரனின் படத்தை என் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, "காது! அதே காது!" என்று ரீச்சரைக் கூப்பிட்டா. ரீச்சர் படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "காது எண்டால் காது மாதிரித்தானே இருக்கும். உமக்கு வெள்ளைக்கார இரத்தமெண்டால் அது மூக்குக்கு மட்டும் ஏன் வரேல்லை, நேசம்?" என்று தமிழில் கேட்டுவிட்டு, இங்கிலிஷில் வேறு ஏதோ சொன்னா. அக்காவுக்குச் சந்தோசம். நான் கீழே பார்த்தேன்.

இலக்கம் குறைகிறது. தண்ணிச் செம்பு குசினி வாசலில் இருக்கிறது, பார்க்கக்கூடாது, பார்த்தால் விடாய் கூடும். எங்கள் ஐயா சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுகிறவர், தண்ணிச் சட்டியில் ரியூப்பை அமத்திக் குமிழி எங்கே வருகுதென்று பார்த்துக்கொண்டுதான் கதை சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் பெட்டையள் என்னைக் கறுப்பு வெள்ளைக்காரி என்று பகிடி பண்ண, நான் அழுதுகொண்டு வந்து நிற்கிறேன். ஐயா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன்ரை பூட்டனுக்கு வீட்டிலை வைச்ச பேர் கதிரித்தம்பி" என்றார். "தாய் தேப்பன் இல்லாத பெடியன். போர்டிங்கிலை சேர்த்தாங்கள். அமெரிக்காவிலை ஒரு ஆள், ஒரு பிள்ளையின்ரை சாப்பாடு படிப்பைப் பொறுப்பெடுத்தால், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பின பேரை வைக்கச் சொல்லலாம். அது அப்பத்தை வழக்கம். சிலபேர் தங்கடை போதகற்றை பேரைக் குடுத்தினம். கனபேர் தங்கடை செத்த பிள்ளையின்ரை பேரைக் குடுத்தினம். எங்களுக்கு வந்தது ஓல்புறூக். ஆள் வரேல்லை, பேர்தான் வந்தது." பிறகு, "இந்தா, இதிலை ஓட்டை" என்று விரலை வைத்தார். எனக்கு அந்த வயசில் கதை அவ்வளவுதான். அழுகை நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், வளர்ந்து அதே போர்டிங்கில் சமைக்கக் குசினிக்குப் போனேன், கைகால் விழுமட்டும் அங்கேதான். பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் சோற்றுக் கோப்பையோடு நிற்கும், போர்டிங்கைப் பார்க்கிற மேற்றன் அம்மா ஒவ்வொரு பெயராய்க் கூப்பிடுவா, பிள்ளை வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கோப்பையை நீட்டும், நான் சோற்றைப் போடுவேன். அவ்வளவு பெயரும் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஜூடித் அக்கா அந்த வெறுமையான இடத்தைப் பற்றிச் சொன்ன பின்னேரம்தான், சட்டி கழுவிக்கொண்டு இருக்கையில், எனக்கு விளங்கினது. விளங்கினதும் சட்டி கையிலிருந்து வழுகினது. எலைசா வேறு என்னத்தைக் கேட்டிருப்பா? ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரம் எங்கேயோ ஒரு இடத்தில் ஆரோ சைமன் ஓல்புறூக் என்று கூப்பிட வேண்டும். ஒரு வாய் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஒரு கோப்பை நீள வேண்டும். அதுதான். அவன் கப்பலேறவில்லை. வெர்மொண்ட் மண்ணுக்குள் கல்லில்லாமல் கிடக்கிறான். தாய்க்கு எழுதக் கை வரவில்லை, அதுதான் அந்த இடம் வெறுமை, வேறொன்றுமில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று ரீச்சர் கேட்பா. தெரியும். சண்டைக்கால இடப்பெயர்வுக்குப் போன இடத்தில், கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தில், வாங்குகளை அடுக்கி அதன்மேல் படுக்கவைத்திருந்தோம் எங்கள் றூத் அக்காவை. காய்ச்சல். உடம்பு அடுப்புமாதிரி. தண்ணி, தண்ணி என்றா, கொடுத்தால் வாயில் நிற்கவில்லை, உதடு இப்படித்தான் வெடித்துக் கிடந்தது, இப்ப என் உதடு இருக்கிற மாதிரி. அக்காவும் நானும்தான் இரண்டு பேர், இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை, சங்கக்கடையில் சாமான் எடுக்க இரண்டு பேருக்கும் ஒரே குடும்பக் காட். நான் மட்டும் திரும்பி வந்து வீட்டுக் கூரையெல்லாம் போட்டு முடிய, ஊர்க் கணக்கு எழுதுகிற விதானையார் வந்தார், பதிய. நல்ல மனிசன், வாசலில் சைக்கிளில் இருந்தபடியே, "வீட்டிலை எத்தினை பேர், அம்மா?" என்று கேட்டார். "ரெண்டு" என்றேன். வாய் சொல்லிவிட்டது. பேர்? றூத் மனோகரி ஓல்புறூக், நேசமலர் ஓல்புறூக். எழுதிக்கொண்டு போனார். அடுத்த முறையும் கேட்டார்கள், இரண்டு. சங்கக்கடைக்காரன் கேட்டான், இரண்டு. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ரீச்சருக்குத் தெரியும், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு, இன்னும் நூறு வருசத்தில், ஒரு ஜூடித் வந்து அந்தக் குடும்பக் காட்டை எடுத்துப் பார்த்தால், ஆகா, இவள் சாகவில்லை, இங்கேயிருந்து எங்கேயோ போயிருக்கிறாள் என்று தேடிக்கொண்டு திரிவாள். பாவம். எங்கே தேடுவாள்? அந்தப் பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒரு வேம்புக்குக் கீழே, அதையும் இப்ப தறித்துவிட்டார்களாம். எழுதாமல் விட்டால் உயிரோடு என்று கருத்தில்லை. எழுதாமல் விட்டால், எழுதவேண்டியவளுக்கு ஏலவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிசம் போதும். ஆனால் சொல்லி முடிந்ததும் எனக்கு அக்கா இல்லை. அதுதானே. அதைத்தானே நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், குழாயில் கோடு, கடதாசியில் கோடு என்று. இவ்வளவு நாளும் காலையில் எழும்பி இரண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். கொழுக்கி தட்டுகிற சத்தம் கேட்கும், கேற்றுக் கொழுக்கி எண்ணெய் காணாமல் கீச்சென்று கத்தும், அக்கா வந்துவிட்டா. குசினிக்குள் விடமாட்டேன், புகை, கரி, விருந்தாளியை அங்கே விடுகிறதோ, இங்கே இந்தக் கதிரையில் இருத்திவைத்து நான் கொண்டுவந்து கொடுப்பேன். சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் ஒரே சோடி, போன கிழமை ரீச்சர் போட்ட தேத்தண்ணியில் உப்பு, அக்கா முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்துவிட்டு "நல்லம்" என்றா. அப்படிப்பட்ட மனிசி. சொல்லாமல் விட்டால்? துப்பி நிரப்பிக் கொடுத்துவிட்டால்? நாளைக்கழிச்சுப் பிளேன். போய் இறங்குவா, பூனைக்குச் சாப்பாடு வைப்பா, ஒன்றரை மாதம் என் பெயரைப் பேனையால் எழுத இடம் பார்த்துக்கொண்டு இருப்பா, எனக்கும் ஒன்றரை மாதம் ஒரு அக்கா இருப்பா. பிறகு ஒரு நாள் அந்தக் கொம்பியூட்டர் சொல்லும். இவள் உன் ஆளில்லை. அப்ப சைமன்? சைமனும் இல்லை. அதை அந்தக் குளிருக்குள் தனியாய் இருந்து வாசிப்பா. பக்கத்தில் ஆர்? பூனை. கத்தினால் அது கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

ரெலிபோன் அடிக்கிறது. கோயில் மணி மாதிரி ஒரு சத்தத்தை அதில் வைத்திருக்கிறா. ஜூடித் அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருகிறா, தன் இரண்டு கன்னத்தையும் விரலால் வட்டம் வட்டமாய்த் தேய்த்துக் காட்டுகிறா, இப்படிச் செய்தால் ஊறுமாம். நானும் தேய்க்கிறேன். புனலை உதட்டில் வைக்கிறேன், பிளாஸ்ரிக் மணம், துப்புகிறேன், தூ என்று சத்தம்தான் போகிறது. "புளியம்பழத்தை நினையும், நேசம்" என்கிறா ரீச்சர். நினைக்கிறேன். "பச்சை மாங்காய். கீலம் கீலமாய் வெட்டி உப்பும் தூளும் போட்டு." நினைக்கிறேன், அடித்தொண்டையில் ஏதோ அசைகிறது, கொஞ்சம் நுரை வருகிறது, கோட்டுக்கு எவ்வளவோ கீழே, நுரை கணக்கில்லை. "என்ன உது, எங்கடை பைப்பு மாதிரி வெறுங் காத்து வருது. உம்மடை வாயிலை தண்ணி வத்தி நான் கண்டதேயில்லையே, சண்டைக்கு வந்தால் மழையெல்லோ!" ரீச்சர் சிரிக்கிறா, ஜூடித் அக்காவும் விளங்காமல் சேர்ந்து சிரிக்கிறா, என் முழங்காலில் கை வைத்திருக்கிறா, அந்தக் கை இன்றைக்குக் குளிரவில்லை. இன்னொருமுறை. தூ. புனல் பல்லில் தட்டுகிறது. ஏலாது. எனக்கு ஏலாது. குழாயை மேசையில் வைக்கிறேன், அது நிற்காமல் சரிந்து உருள்கிறது, ரீச்சர் பிடிக்கிறா. "ரீச்சர், இவவுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்கிறேன். சொல்லுகிறேன். ஐயா, சைக்கிள் ரியூப், கதிரித்தம்பி, பேர் குடுக்கிற வழக்கம், செத்த பிள்ளை, எல்லாம் முன்பின்னாய்க் கொட்டுகிறது. ரீச்சரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாய் வடிகிறது. "இவ்வளவு நாளும் உந்தக் கதையை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டே இருந்தனீர்?" "ஓம்." "உந்த மனிசி கடல் தாண்டி வந்து, தேங்காயும் வைச்சுக் கடதாசி விரிச்சு..." "சொல்லுங்கோ ரீச்சர்." "நான் மாட்டன்." "உங்களுக்குத்தானே பாசை தெரியும்." "பாசை தெரியும். இதுக்கு எனக்கு வாய் வராது. உம்மடை அக்கா, நீர் சொல்லும்." ஜூடித் அக்கா அவவைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா, என்ன, என்ன என்று புருவம் கேட்கிறது. நான் கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் இருக்கிறேன், கடதாசிக்குப் பக்கத்தில். போர்டிங் குசினியில் கேட்ட இங்கிலிஷ், பிளேற், றைஸ், கம், கோ, அவ்வளவையும் கூட்டிப் பொறுக்குகிறேன். சைமன் பெயரில் விரலை வைக்கிறேன். "அக்கா. சைமன் நோ கம்." விரலைக் கோட்டோடு இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிற்பாட்டுகிறேன். "நேம் கம். ஒன்லி நேம்." பிறகு எலைசாவின் பெயரில் விரலை வைக்கிறேன். "சைமன் டை. ஸ்மோல் போய். மதர்..." எழுதுவதுபோலக் கையால் காட்டி, காட்டின கையை மற்றக் கையால் பிடித்து நிறுத்துகிறேன். "மதர் நோ றைற். கான்ட்." அதற்கு மேல் இங்கிலிஷ் இல்லை. தமிழில், ரீச்சரைப் பார்க்காமல், "எனக்குத் தெரியும், அக்கா. நானும் எழுதேல்லை" என்கிறேன். பிறகு ரீச்சர் தொண்டையைச் செருமி, மெல்ல, இங்கிலிஷில், முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறா. றூத் என்ற பெயர் அதற்குள் வருகிறது. விதானையார் என்ற சொல் வரவில்லை, அதற்கு இங்கிலிஷில் வேறேதோ சொன்னா, ஆனால் "ரூ" என்று இரண்டு விரலைக் காட்டினா.

ஜூடித் அக்கா அழவில்லை. அழுதால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். கடதாசியைப் பார்த்தபடி இருக்கிறா, அந்த ஒன்று என்ற இலக்கத்தைத்தான் பார்க்கிறா, பிறகு பத்து வருசத்துக்குப் பிந்தின வெறுமையான கட்டத்தை. காற்றாடி அவவின் தலைமயிரைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பிறகு ரீச்சரிடம் ஏதோ கேட்கிறா, சின்னச் சத்தம். "அந்தப் பெடியன்ரை சொந்தப் பேர் என்னவாம்" என்கிறா ரீச்சர். "கதிரித்தம்பி." "கதி..." என்றா அக்கா. "கதிரி." "கதிர்..." நாக்கு அந்த இடத்தில் தடக்கி நிற்கிறது, திரும்பத் தொடங்குகிறா, திரும்பத் தடக்குகிறது. பென்சிலை எடுத்தா, எழுதவில்லை, வைத்தா. எழும்பினா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கப் பயம். காது போதும் எனக்கு, எப்பவும் காதுதான். இனி ஒரு சத்தம் மட்டும் கேட்கக்கூடாது. அக்காவின் செருப்பு இரப்பர், சீமெந்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும். இடப்பக்கம் போனால் வாசல்படி, மூன்று அடி மண், பிறகு கொழுக்கி கீச்சென்று கத்தும், அதோடு முடிந்தது. ஒட்டுகிறது, பிரிகிறது. நிற்கிறது. கடதாசி சரசரக்கிறது, குழவியை எடுத்துவிட்டாவோ, மடிக்கிறாவோ, இல்லை, கால் பட்டதாக்கும். திரும்பவும் ஒட்டுகிறது, பிரிகிறது. காகம் ஒன்று கத்தி மற்றச் சத்தமெல்லாவற்றையும் மூடுகிறது. போ, சனியன், போ. கொழுக்கிக்குக் காத்துக்கொண்டு இருக்கிறேன். தோள் இரண்டும் காதுக்கு ஏறி நிற்கிறது. கொழுக்கி கத்தவில்லை. கத்தவில்லை. எங்கேயோ ஒரு தகரம் தட்டுப்படுகிறது. தண்ணி கொதிக்கவைக்கிற என் கேத்தில் மூடி. அது கைதவறினால் போடுகிற சத்தம் எனக்குத் தெரியாததா. குசினிக்குள். செம்பிலிருந்து தண்ணி ஊற்றுகிற சத்தம், கூட ஊற்றுகிறா, மூன்று பேருக்கு அவ்வளவு தேவையில்லை. நெருப்புக்குச்சி ஒன்று உரசி நூர்கிறது, இரண்டாவது பிடிக்கிறது. ரீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கரியெல்லாம் அள்ளிப் பூசப்போறா" என்கிறா. ஒரு போத்தல் மூடி திருகுப்படுகிறது. எந்தப் போத்தல்? இடப்பக்கத் தட்டில் எட்டின கைக்கு முதல் அகப்படுவது எது என்று எனக்குத் தெரியும். கண் தானாகத் திறந்துவிட்டது, வாய் ஊறிக் கிடக்கிறது, எப்ப ஊறினது, விழுங்கிவிட்டுக் கத்துகிறேன்.

"அக்கா, உது உப்பு! மற்றது, மற்றது!"

கரண்டிச் சத்தம் நின்றது. ரீச்சரும் நானும் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"ஓம்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.